ஆறு மில்லிக் கழுத்தும் காதர் பாயின் கண்ணும்

சனிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். டீ வந்து போய்விட்டது. அளவு அறையின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு காதர் பாய் உள்ளே வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டிருந்தார். கைக்கு ஒன்றாக, லேத்தில் கடைந்த இரண்டு இரும்பு பீஸ், பனியன் வேஸ்ட் துணியில் சுற்றியபடி. அவர் சட்டையில் கூலண்ட் எண்ணெய் வாடை. என் ஏசி அறைக்குள் அதுவரை அந்த வாடை நுழைந்ததில்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பாய், ஆபரேட்டருக யாரும் உள்ள வரக்கூடாதுன்னு தெரியும்ல?"

"தெரியும் மேடம்." இரண்டு பீஸையும் மேசை ஓரத்தில் மெதுவாக இறக்கினார். "இது ஒன்பதாம் நம்பரு. நீங்க தள்ளுனது. இது அஞ்சாம் நம்பரு. நீங்க பாஸ் போட்டது. ரெண்டையும் என் முன்னாடி இன்னொரு வாட்டி அளந்து காட்டுங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன். இப்படி ஓரமா நின்னுக்கிறேன்."

"அளந்ததை எதுக்குத் திருப்பி அளக்கணும்? ரிப்போர்ட்டுதான் ஒட்டியாச்சே."

"ஒட்டுனதைத்தான் எட்டு நாளா பாத்துக்கிட்டு இருக்கேனே." குரலை உயர்த்தவில்லை அவர். "தப்பு என் மேலன்னா நான் கட்டிங் செக்‌ஷன்லயே கெடக்கேன். மெஷின் பக்கமே தலைவைக்க மாட்டேன். ஆனா என் கண்ணு போயிருச்சா இல்லையான்னு எனக்குத் தெரியணும்ல மேடம்?"

அந்த மனிதர் அன்றைக்கு உள்ளே வந்திருக்காவிட்டால், இன்றைக்கு இந்தத் தொடரை எழுதும் தைரியம் எனக்கு வந்திருக்காது. நிஜமாகச் சொல்கிறேன்.

எல்லா வாரமும் ஜெயிக்கிறவள்

தாடிக்கொம்பிலிருந்து ஒரு வாசகி இன்லேண்ட் லெட்டரில் எழுதியிருந்தார். இந்தக் காலத்தில் இன்லேண்ட் லெட்டர்! எனக்கு அதற்கே சந்தோஷம். ஆனால் உள்ளே இருந்தது சந்தோஷப்படும்படி இல்லை. "எல்லா வாரமும் நீங்களே ஜெயிக்கிறீர்கள். ஆம்பளைகள் எல்லாம் தப்பு செய்கிறார்கள், நீங்கள் வந்து சரிசெய்கிறீர்கள். நீங்கள் தப்பே செய்ததில்லையா?" என்று கேட்டிருந்தார்.

படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு சிரித்துவிட்டேன். அக்கா, நீங்கள் கேட்டது நியாயம். இந்த வாரம் உங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வாய் நீளம். பூட்டு ஊரில் வாழ்ந்தும் இந்த வாய்க்கு ஒரு பூட்டு அகப்படவில்லை என்று என் வீட்டுக்காரர் இப்போதும் சொல்வார். கல்யாணமாகி சாணார்பட்டிக்கு வந்து, அங்கிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கி திண்டுக்கல் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன பெண் நான். வாய் இல்லாதிருந்தால் அந்தப் பஸ்ஸில் ஜன்னல் கம்பிகூடக் கிடைத்திருக்காது.

ஆனால் அதே வாய் யார் மேல் விழுகிறது என்று பார்த்து விழ வேண்டும். அந்தப் பக்குவம் எனக்கு அப்போது இல்லை.

கருவறை

தங்கவேல் அண்ணன்தான் எங்கள் முதலாளி. முப்பது பேர் வேலை பார்க்கும் சின்ன பட்டறை. பம்புகளுக்கும் நூற்பாலைகளுக்கும் உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்போம். கோயம்புத்தூர் கம்பெனிகளிடம் ஆர்டர் பிடிக்க வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் அளக்கும் மெஷின் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் எங்கேயோ அலைந்து, பழைய மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார்.

கறுப்புக் கிரானைட் மேசை. அதன் மேல் நாலாபக்கமும் நகரும் ஒரு தூண். தூணின் முனையில் கடுகு அளவுக்குச் சிவப்புக் கல். அந்தக் கல் பீஸைத் தொடும் ஒவ்வொரு இடத்தையும் கம்ப்யூட்டர் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொள்ளும். புள்ளிகளைச் சேர்த்து வட்டம், தளம், உருளை என்று வரைந்து, "இவ்வளவு சரி, இவ்வளவு கோணல்" என்று தாளில் அடித்துக் கொடுத்துவிடும்.

சூட்டில் இரும்பு விரியும் என்பதால் அதற்கு ஒரு ஏசி அறை கட்டினார்கள். பட்டறையிலேயே ஏசி இருந்த ஒரே இடம் அதுதான். தூசு வரக்கூடாது, எண்ணெய்க் கை படக்கூடாது, செருப்பு கூடாது, சாப்பாடு கூடாது. சட்டமெல்லாம் நான்தான் எழுதி ஒட்டினேன். "ஆபரேட்டர்களுக்கு அனுமதி இல்லை" என்பதையும் நானேதான் எழுதினேன். அதை மட்டும் சிவப்பு மையில்.

பட்டறையில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "ஜெயக்கொடி எங்க?" என்று யாராவது கேட்டால், "கருவறையில இருக்கு" என்பார்கள். மே மாதத்து வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருப்பவர்கள் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார்கள். நான் சேலைக்கு மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ச்சே, இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அப்போதோ உள்ளுக்குள் ஒரு மிதப்பு.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. தள்ளுபடியான பீஸின் ரிப்போர்ட்டை டீ குடிக்கும் இடத்துக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டுவோம். அதில் பீஸ் நம்பர், அளவு, கடைந்தவர் பெயர் மூன்றும் இருக்கும். அளந்தவர் பெயருக்கு அதில் இடமே கிடையாது. அது யாருக்கும் குறையாகத் தெரிந்ததில்லை. எனக்கும்தான்.

பன்னிரண்டில் ஏழு

காதர் பாய் எங்கள் பெரிய லேத்தின் ஆபரேட்டர். பேகம்பூர்க்காரர். அந்த லேத் லாரியில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவர்தான் அதை ஓட்டினார். அதிகம் பேச மாட்டார். வேலை நடக்கும்போது மெஷின் சத்தத்தை வைத்தே, "உளி மழுங்கிருச்சு, மாத்தணும்" என்பார். மாற்றிப் பார்த்தால் மழுங்கித்தான் இருக்கும்.

அந்த வருசம் அவருக்கு வலது கண்ணில் புரை வந்து ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்ததும் கிடைத்த முதல் பெரிய வேலை கோயம்புத்தூர் பம்பு கம்பெனியினுடையது.

பீஸ் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டத் தட்டு. தட்டின் ஒரு பக்கம் நீளமான குழாய். மறுபக்கம் நடுவில் வளையம் போல ஒரு சின்னக் கழுத்து, ஆறு மில்லிமீட்டர் உயரம்தான். இந்தக் கழுத்து பம்பு உடம்பிலுள்ள ஓட்டைக்குள் போய் உட்காரும். குழாயின் கடைசியில், இருநூற்று நாற்பது மில்லி தள்ளி, பேரிங் உட்காரும் குழி. கழுத்தின் மையக்கோட்டை நேராக நீட்டினால் அது குழியின் மையத்தில் போய் நிற்க வேண்டும். விலகினால் ஐம்பது மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. கம்பெனி அனுப்பிய வரைபடத்தில் போட்டிருந்தது இவ்வளவுதான்.

முதலில் பன்னிரண்டு பீஸ் வந்தது. நான் கழுத்தைச் சுற்றி இரண்டு வரிசையாகச் சிவப்புக் கல்லால் தொட்டேன். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. கம்ப்யூட்டர் அதை வைத்து மையக்கோடு போட்டது. மறுமுனைக் குழியைத் தொட்டேன். ரிப்போர்ட் வந்தது. ஒன்று நூற்றெண்பது மைக்ரான் விலகல். இன்னொன்று இருநூற்றுப் பத்து. பன்னிரண்டில் ஏழு சிவப்பு.

தங்கவேல் அண்ணனுக்கு முகம் இருண்டுவிட்டது. முதல் ஆர்டர். கெட்டுப்போனால் அந்தக் கம்பெனி வாசலை மறுபடி மிதிக்க முடியாது.

"நான் ஒவ்வொண்ணையும் டயல் வச்சுப் பாத்துத்தான் முதலாளி எறக்குனேன்," என்றார் காதர் பாய். "ஒன்பதாம் நம்பருல மூணு கோடுதான் ஆடுச்சு." டயல் என்பது கடிகாரம் போல முள் வைத்த சின்னக் கருவி, பீஸ் சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும்; அதில் ஒரு கோடு என்றால் பத்து மைக்ரான்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "டயலு முள்ளைக் கண்ணால பாத்துச் சொல்றதை நம்புறதா, மெஷின் சொல்றதை நம்புறதா?"

கண்ணால் என்று சொன்னேன். வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் சொன்ன கணத்தில் எல்லோரும் அவருடைய வலது கண்ணைப் பார்த்தார்கள். அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனாலும் அன்று மாலையே முடிவு எடுத்துவிட்டார். காதர் பாய் கட்டிங் செக்‌ஷனுக்குப் போக வேண்டும், கம்பியை ரம்பத்தில் வைத்துத் துண்டு போடும் வேலைக்கு. லேத்துக்கு வெளியூரிலிருந்து புது ஆள், அடுத்த வாரம் கழித்துத் திங்கட்கிழமை வருவார். ரிப்போர்ட்டைப் பலகையில் ஒட்டினேன். ஏழு வரிசை, ஏழிலும் காதர் பாயின் பெயர்.

அதற்கு எட்டாம் நாள்தான் அவர் உள்ளே வந்த சனிக்கிழமை. புது ஆள் வர இடையில் ஒரே ஒரு ஞாயிறு.

பீஸு வளருதா, சுருங்குதா?

"சரி, வாங்க. பாத்துட்டுப் போங்க," என்றேன். அவரைச் சீக்கிரம் வெளியே அனுப்புவதுதான் என் நோக்கம்.

ஒன்பதாம் நம்பரைத் துடைத்து மேசையில் பூட்டினேன். பழைய ரிப்போர்ட்டில் அது இருநூற்றுப் பத்து. அளந்தேன். திரையில் எழுபது வந்தது.

எழுபதா? எங்கேயோ தூசு இருந்திருக்கும். அவசரமாகத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். நூற்று அறுபது.

பீஸை அசைக்காமல், கழற்றாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறை அளந்தேன். நூற்றுப் பத்து.

 உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, திரையை என் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் எண்கள் எல்லோருக்கும் எண்கள்தானே.

அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "என்ன மேடம், பீஸு வளருதா, சுருங்குதா?"

கேலி செய்யவில்லை அவர். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.  இத்தனை நாளில் ஒரு பீஸைக்கூட நான் இரண்டாவது தடவை அளந்ததில்லை. அது அப்போதுதான் என் மண்டையில் இறங்கியது.

"அந்த அஞ்சாம் நம்பரையும் பாத்துருங்க," என்றார். "அதுல எனக்கு ஒரு சந்தேகம். அன்னைக்கு அதைக் கடையும்போது தட்டுக்கு அடியில இரும்புச் சில்லு ஒண்ணு மாட்டிருச்சு. டயல்ல ஒன்பது கோடு ஆடுச்சு. கெட்ட பீஸுன்னு சாக்பீஸால கோடு போட்டுத்தான் ட்ரேல வச்சேன். நீங்க அதைப் பாஸ் பண்ணிட்டீங்க."

சாக்பீஸ் கோடு எனக்கு நினைவிருந்தது. அழுக்கு என்று நினைத்து நானேதான் ஸ்பிரிட்டால் துடைத்தேன். ஏன் இந்தக் கோடு என்று வெளியே போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் நல்லதுன்னதை நீங்க கெட்டதுன்னீங்க. கெட்டதுன்னதை நல்லதுன்னீங்க," என்றார். "அதான் மேடம் ஒரேயடியா பயந்துட்டேன். ஆபரேஷன் பண்ணுன கண்ணு எல்லாத்தையும் தலைகீழா காட்டுது போலன்னு."

எங்கள் இருவரில் யாரோ ஒருவர் தலைகீழாகப் பார்த்திருக்க வேண்டும். அது தன் கண்தான் என்று அந்த மனிதர் தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறார். என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

நாலு மில்லியில் போட்ட கோடு

கோயம்புத்தூர் கம்பெனியில் அளவு பார்க்கும் பெண் ஒருவர் இருந்தார், ரேவதி என்று. படம் அனுப்பும்போது இரண்டு முறை போனில் பேசியிருக்கிறோம். அவரைக் கூப்பிட்டேன். காதர் பாய் நின்றுகொண்டே இருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். அந்த ஒரு நல்ல காரியமாவது அன்றைக்கு எனக்குச் செய்யத் தோன்றியது.

"ரேவதி, ஒரே பீஸு, மூணு தடவை அளந்தா மூணு விதமா வருது."

"எந்த இடத்த ரெஃபரன்ஸா வச்சீங்க?"

"படத்துல இருக்கிற மாதிரி கழுத்தைத்தான்."

"கழுத்துல ரெண்டு வரிசை தொட்டீங்களா? ரெண்டுக்கும் நடுவுல எத்தன எடமுங்க?"

கழுத்து ஆறு மில்லி. மேல் விளிம்பில் சரிவு, கீழே ஒரு பள்ளம். அதை விட்டால் தொடுவதற்கு மிச்சம் இருந்தது நாலு மில்லி. சொன்னேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "ஏனுங்க ஜெயக்கொடி, நாலு மில்லிய வச்சுட்டு எரநூத்தி நாப்பது மில்லிக்குக் கோடு போட்டீங்களா?"

அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது. நாலுக்கு இருநூற்று நாற்பது என்றால் அறுபது மடங்கு. மேல் வரிசையில் ஒரு தூசு, ஒரு துளி எண்ணெய், உளி இழுத்த ஒரு வரி, ஏதோ ஒன்றால் இரண்டு மைக்ரான் பிசகினால் போதும். அந்தக் கோடு மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது நூற்றிருபது மைக்ரான் தள்ளிப் போயிருக்கும். பீஸ் ஒழுங்காகத்தான் இருந்தது. நான் போட்ட கோடுதான் ஆடிக்கொண்டிருந்தது.

அஞ்சாம் நம்பர் பாஸானதும் அப்படித்தான். பீஸின் கோணலும் என் கோட்டின் கோணலும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்து, தற்செயலாகக் கழிந்துபோய், நல்ல எண் வந்துவிட்டது.

"அப்ப எப்படித்தான் அளக்குறது?"

"எங்க பம்புல அது எப்படி உக்காருதுன்னு பாருங்க," என்றார் ரேவதி. "தட்டோட முகம் போய் ஒட்டி உக்காருது. எட்டு போல்ட்டு போட்டு இறுக்கறோம். பீஸு எந்தத் திசையில நிக்கோணும்னு முடிவு பண்றது அந்த முகந்தானுங்க. கழுத்து நடுவுல புடிச்சு வெக்கறதோட செரி. அதனால திசைய அகலமான முகத்துல எடுங்க. மையத்த மட்டும் கழுத்துல எடுங்க. படத்துல அதத் தெளிவாப் போடாதது எங்க தப்புந்தான். முறைய எழுதி இப்பவே மெயில்ல அனுப்பிடறனுங்க."

சொன்னபடி அனுப்பினார். அந்தப் பெண்ணை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

கழுத்தைச் சுற்றியுள்ள தட்டின் முகத்தில் நன்றாக அகலமாகப் பரப்பி எட்டு இடம் தொட்டேன். கழுத்தில் ஒரே ஒரு வட்டம். பிறகு மறுமுனைக் குழி. ஒன்பதாம் நம்பர், முப்பது மைக்ரான். திரும்ப அளந்தேன், இருபத்தெட்டு. திரும்பவும், முப்பத்தொன்று.

மூன்று கோடு. அவர் கண் சொன்ன அதே மூன்று கோடு.

அஞ்சாம் நம்பர், தொண்ணூறு. ஒன்பது கோடு.

நான் திரும்பிப் பார்த்தேன். காதர் பாய் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிக்கவே இல்லை.

கரண்டு மேல் பழி

மத்தியானத்துக்குள் பன்னிரண்டையும் அளந்தோம். அஞ்சாம் நம்பரைத் தவிர எல்லாம் பாஸ். காதர் பாயே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் "உட்காருங்க பாய்" என்றதற்கு, "பேண்ட்டு எண்ணெய்ம்மா" என்றார். மேடம் எப்போது அம்மா ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை.

புது ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். பேனா தானாக "மின்னழுத்த ஏற்ற இறக்கம்" என்று ஆரம்பித்தது. எங்கள் பட்டறையில் எது கெட்டாலும் பழி கரண்டுக்குத்தான் போகும். மோட்டார் புகைந்தாலும் கரண்டு, ஆள் லேட்டாக வந்தாலும் கரண்டு. கரண்டு வந்து மறுத்துப் பேசவா போகிறது?

பாதி எழுதி நிறுத்தினேன். கரண்டு என்று எழுதினால் என் பெயர் தப்பிக்கும். ஆனால் பட்டறையில் என்ன பேசுவார்கள்? "கரண்டு பிரச்சனையாம், இருந்தாலும் பாய்க்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லப்பா" என்பார்கள். அந்தப் பேச்சை நான்தானே கிளப்பிவிட்டேன்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். புதுத் தாளில் எழுதினேன்: "பீஸ் சரி. அளந்த முறை தவறு. அளந்தவர்: ஜெயக்கொடி." பலகையில் பழையதைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில் ஒட்டினேன்.  அன்றைக்கு வேலை போகும் என்றுதான் நினைத்தேன்.

தங்கவேல் அண்ணன் வந்து படித்தார். "என்னம்மா இது?"

அவருக்கு மைக்ரான் கணக்கு ஓடாது. ஆனால் அவர் வீட்டில் தென்னந்தோப்பு இருந்தது.

"அண்ணே, தென்னங்கன்னு வரிசையா வைக்கணும். ரெண்டு குச்சியை ஒரு சாண் தள்ளி ஊனிட்டு, அதையே நூல் பிடிச்சாப்புல தோப்புக் கடைசி வரைக்கும் பாத்து நட்டா என்ன ஆகும்?"

"அடுத்தவன் தோப்புக்குள்ள போயிரும்."

"அதைத்தான் அண்ணே நான் பண்ணியிருக்கேன்."

பலகையை இன்னொரு தடவை படித்தார். பிறகு, "அதுக்குப் பலகையில உன் பேரைப் போடணுமா? கஸ்டமரு வந்து பாத்தா அசிங்கம்ல?" என்றார்.

"காதர் பாய் பேரு எட்டு நாளு இருந்துச்சே, அப்ப கஸ்டமரு வந்தா அசிங்கமில்லையா?"

வாய்தான். ஆனால் அந்த ஒரு தடவை அது விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அண்ணன் என்னை முறைத்தார். முறைத்துவிட்டு, போனை எடுத்து அந்தப் புது ஆளைக் கூப்பிட்டு, "தம்பி, திங்கக்கெழமை வர வேணாம்" என்றார். என் பக்கம் திரும்பி, "பழைய பீஸுகளையும் தோண்டி எடு. கழுத்து குட்டையா இருக்குற எல்லாத்தையும் திருப்பி அள," என்றார். திட்டக்கூட இல்லை. அந்த மனிதருக்கு நான் பட்ட கடன் அது.

இப்போது நான் வேறு பெரிய ஆலையில் இருக்கிறேன். எனக்குக் கீழே ஐந்து பேர் அளக்கிறார்கள். புது பீஸ் எது வந்தாலும், ரிப்போர்ட் எழுதும் முன்னால், கடைந்தவரை உள்ளே கூப்பிட்டு, அவர் கண் முன்னால் ஒரே பீஸை ஐந்து தடவை அளக்க வேண்டும். ஐந்தும் ஒத்து வந்தால்தான் மேலே பேச்சு. எங்கே படித்தீர்கள் மேடம் இதை என்று கேட்கிறார்கள். பேகம்பூரில் படித்தேன் என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை, நன்றியோடு சொல்கிறேன்.

வீட்டுக்கு ஒரு போன்

அன்று சாயங்காலம் காதர் பாய் லேத்துக்குத் திரும்பி, எட்டு நாள் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"என்னைய மன்னிச்சிருங்க பாய்."

"அட, அதெல்லாம் இருக்கட்டும்மா." தயங்கினார். "ஒரு உதவி. எங்க வீட்டுக்கு ஒரு போன் போட்டு நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. அவ மனசு நோகக் கூடாதுன்னு சொல்றேன்னு நெனப்பா."

எண்ணை அவரே அழுத்திக் கொடுத்தார். அவர் மனைவி மைமூன் அக்கா எடுத்தார். நான் யார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் பயந்துவிட்டது தெரிந்தது.

"அக்கா, ஒண்ணும் பயப்படாதீங்க. அவரு கண்ணு நல்லா இருக்கு. அவரு பாத்ததெல்லாம் சரி. நாந்தான் தப்பா அளந்துட்டேன். இன்னைக்கே லேத்துக்குத் திரும்பிட்டாரு."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எட்டு நாளா மனுசன் வேலைவிட்டு வந்ததும் சன்னல் பக்கமா உக்காந்துக்கிட்டு, நல்ல கண்ணைக் கையால பொத்திக்கிட்டு, ஊசியில நூலைக் கோக்குறதும் உருவுறதுமாவே இருந்தாகம்மா."

 "கோத்தாராக்கா?"

"ஒவ்வொரு வாட்டியும் கோத்துட்டாக. கண்ணு நல்லாத்தான இருக்குன்னு நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். கேக்கலையே. 'அந்தப் புள்ள மெஷின்ல வச்சு அளந்து எழுதியிருக்கு மைமூனு, அது தப்பா எழுதாது'ன்னுட்டாக."